கைவிடக் கற்ற மூளை

வட இந்திய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் திரியும் ஒரு சிறு மீனுக்கு உடல் நெடுக நீல வரிகள் உண்டு. கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியான தன் நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் அதைப் பதிவு செய்தார். இன்று வண்ணமீன் கடைகளில் ஜீப்ரா மீன் என்ற பெயரில் கிடைக்கிறது. அதன் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளம்தான். கண்ணாடி போன்ற உடல் என்பதால், அது உயிரோடு இருக்கும்போதே மூளையில் எந்த செல் எப்போது வேலை செய்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க முடியும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜனேலியா ஆய்வு வளாகத்தில் யூ மூ, மிஷா ஆரென்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, இந்தக் குஞ்சுகளை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி அவற்றுக்கு ஒரு படத்தைத் திரையிட்டுக் காட்டியது. குஞ்சு நீந்த முயலும்போது எழும் நரம்புச் சமிக்ஞையைக் கணினி படித்து, அதற்கேற்பப் படத்தைப் பின்னால் நகர்த்தும். இருந்த இடத்திலேயே இருந்தாலும் முன்னேறிப் போவதாக மீனுக்குத் தோன்றும். பிறகு ஆய்வாளர்கள் அந்த இணைப்பைத் துண்டித்தார்கள். இனி எவ்வளவு நீந்தினாலும் படம் நகராது.

மீன் உடனே ஓயவில்லை. முன்பைவிடப் பலமாக நீந்தியது. கொஞ்ச நேரம் அப்படிப் போராடிய பிறகு சட்டென்று நின்றது, சும்மா கிடந்தது. பின்னர் மறுபடி முயன்று பார்த்தது, பயனில்லை என்றதும் மறுபடி நின்றது. களைத்துப்போய் நின்றது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2019-இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான முடிவு வேறு கதை சொன்னது. ஒவ்வொரு முயற்சி வீணாகும்போதும், நார்அட்ரினலினைச் சுரக்கும் நியூரான்கள் ‘எதிர்பார்த்தது நடக்கவில்லை’ என்று செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியை வாங்கிக்கொள்பவை ஆஸ்ட்ரோசைட் வகையைச் சேர்ந்த செல்கள். நியூரான்களுக்கு முட்டுக் கொடுக்கும் எடுபிடிகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டவை இவை. தோல்விகள் சேரச் சேர இவற்றுக்குள் கால்சியம் ஏறிக்கொண்டே போகிறது. ஓர் அளவைத் தாண்டியதும், நீச்சலை நிறுத்தும் நியூரான்களை இவை தட்டி எழுப்புகின்றன. லேசர் கொண்டு இந்த செல்களைச் செயலிழக்க வைத்தபோது, வீண் என்று ஆன பிறகும் மீன் விடாமல் நீந்திக்கொண்டே இருந்தது. இவற்றைச் செயற்கையாகத் தூண்டியபோது, நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன்கூட நின்றுவிட்டது.

மீனின் மூளையிலிருந்து மனித மனத்துக்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. ஆனால் நம்மில் பலர் மனத்தில் வைத்திருக்கும் ஒரு படத்தை இந்தச் சோதனை கலைத்துப் போடுகிறது. பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பலம் வேண்டும், விடுவதற்கு எதுவும் வேண்டாம், பலம் தீர்ந்தால் பிடி தானே நழுவும் என்பது அந்தப் படம். உண்மையில் கைவிடுவதும் மூளை செய்கிற ஒரு வேலை. அதற்கெனத் தனிக் கருவி இருக்கிறது, அது கணக்குப் பார்க்கிறது, அதற்கு நேரம் பிடிக்கிறது. பற்றின்மையைப் பற்றி ஞானிகள் சொன்னதும் ஆய்வகங்கள் கண்டதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

தமிழில் ‘பற்று’ கையிலிருந்து பிறக்கும் சொல். கொடி கொம்பைப் பற்றுகிறது, தீ கூரையில் பற்றுகிறது, தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பற்று போடுகிறோம், கடைக் கணக்கில் பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம். எல்லாவற்றிலும் ஒன்று இன்னொன்றில் ஒட்டிக்கொள்கிறது. எனவே ‘பற்றை விடு’ என்று கேட்டதும், விரல்களைப் பிரித்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் பற்று என்று சொல்வது, கைக்கு எட்டாமல் போன ஒரு முடிவை மனம் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதை. தாய் பிள்ளைமீது வைக்கும் பாசமோ ஒருவர் தன் தொழில்மீது வைக்கும் ஈடுபாடோ இதில் சேராது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால்தான் பற்றின்மை என்றாலே பலருக்கு வறட்சியாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

பிடி ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது? டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடங்களுக்கு முன்வரை யாருக்கும் சொந்தமில்லாத பொருள் அது. இது மனிதப் பிறவியின் மாறாத இயல்பு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், தான்சானியாவின் ஹாட்ஸா மக்களிடம் கோரன் அப்பிசெல்லா குழுவினர் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வையும் பார்க்க வேண்டும். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் இவர்களுக்கு ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்து, அதே போன்ற இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். சந்தையிலிருந்து வெகுதூரத்தில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாற்றிக்கொண்டார்கள். அதாவது தன் கையில் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருளை அவர்கள் உயர்த்தி மதிக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளோடு வாங்கல் விற்றலில் பழகிய ஹாட்ஸாக்களில் மாற்றிக்கொண்டவர்கள் சுமார் கால்வாசிதான். ஒரே மொழி, ஒரே மரபு, ஆனால் பிடியின் இறுக்கம் வேறு. ஆக, பிடியில் ஒரு பகுதியாவது வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. கற்றதைத் தளர்த்தவும் வழி இருக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் எடுக்கும் வழி பலவந்தம்: அதை நினைக்கவே கூடாது என்று தீர்மானிப்பது. டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பரிசோதித்தது. ஒரு மாணவர் தனியறையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் மேசைமேல் ஒரு மணி. மனத்தில் ஓடுவதையெல்லாம் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது, சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறைக்கும் மேல். அடுத்த ஐந்து நிமிடம் ‘இனி கரடியைத் தாராளமாக நினைக்கலாம்’ என்று சொன்னபோது, முன்பு அடக்கியவர்கள் முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். வெக்னர் பின்னர் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது. ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று கண்காணிக்க, மனத்தின் ஒரு மூலை அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. வாசலில் காவலுக்கு நிறுத்தியவன் திருடன் பெயரை உரக்கக் கூவிக்கொண்டிருப்பதைப் போன்றது இது.

அதே ஆய்வுக் கட்டுரையின் இரண்டாவது சோதனையைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சிலரிடம் வெக்னர் கூடுதலாக ஒன்று சொன்னார்: கரடி நினைவுக்கு வந்தால் ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் காரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கரடி பின்னர் திரும்பிப் பாய்வது வெகுவாகக் குறைந்தது. மனத்தின் கை வெறுமையாக இருக்கும்போது பழையதையே துழாவுகிறது. பிடிக்க இன்னொன்று கொடுத்தால் பிடி இடம் மாறுகிறது. திருக்குறளின் துறவு அதிகாரத்துக் கடைசிக் குறளில் ‘பற்று’ என்ற வேர் ஆறு முறை வருகிறது. பற்றை விடவும் ஒரு பற்றுதான் வேண்டும் என்பது அதன் கருத்து. வள்ளுவர் பேசுவது வீடுபேற்றைப் பற்றி, வெக்னர் பேசுவது ஐந்து நிமிட எண்ணத்தைப் பற்றி; இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று பெருமை கொள்வது அறிவியலுக்கும் குறளுக்கும் நேர்மையாகாது. வெறும் விலக்கல் நிலைக்காது என்ற அளவில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சுல்காய்தா மமத், மைக்கேல் ஆண்டர்சன் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தங்களை அச்சுறுத்தும் எதிர்கால நிகழ்வுகளைப் பற்றிய எண்ணங்களை அடக்க இணையவழியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அடக்கியவை வீங்கித் திரும்பவில்லை. அந்த அச்சங்களின் கூர்மை மழுங்கியது, பங்கேற்றவர்களின் மனநிலையும் மேம்பட்டது. அப்படியானால் வெக்னர் தவறா? பயிற்சி எப்படி நடந்தது என்று பார்த்தால் முரண் குறைகிறது. அச்சத்தை நினைவூட்டும் சொல்லைத் திரையில் நேராகப் பார்க்க வேண்டும். முதலில் அந்த நிகழ்வை மனத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகே, பார்வையைத் திருப்பாமல், அதைப் பற்றிய கற்பனை விரியாமல் நிறுத்த வேண்டும். சில நொடிகள்தான், ஆனால் திரும்பத் திரும்ப. ‘அப்படி ஒன்றே இல்லை’ என்று ஓடி ஒளிவதும் ‘இருக்கிறது, இப்போது இதைத் தொடரப்போவதில்லை’ என்று நிற்பதும் வெவ்வேறு செயல்கள். ஒன்று நினைவூட்டலிலிருந்தே தப்பப் பார்க்கிறது. மற்றது நினைவூட்டலின் எதிரே நின்று பழகுகிறது. ஆயினும் இந்த ஆய்வு என் வாதத்தில் ஒரு திருத்தத்தைக் கோருகிறது. இவர்கள் மாற்று எண்ணம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள். பிடிக்க இன்னொன்று கொடுப்பது மட்டுமே ஒரே வழி என்று யாரேனும் சொன்னால் அது மிகை.

எண்ணத்தை விட்டு, வாழ்க்கையில் எட்டாமல் போகும் இலக்குகளுக்கு வருவோம். எரிக் கிளிங்கர் என்ற உளவியலாளர் 1975-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் தன் இலக்கிலிருந்து விலகும்போது கடக்கும் கட்டங்களை வரிசைப்படுத்தினார். தடை வந்ததும் முதலில் வேகம் கூடுகிறது, பிறகு கோபம், அதன்பின் சோர்வு, கடைசியில் மீட்சி. நெம்புகோலை அழுத்தி உணவு பெற்றுப் பழகிய எலிக்கு உணவு நின்றதும், அது விடுவதற்கு முன்னால் இன்னும் மூர்க்கமாக அழுத்தும். ஜீப்ரா மீன் குஞ்சு செய்ததும் அதுவே. வேண்டியது கைநழுவும் வேளையில் ஆசை திடீரென்று கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்து ‘எனக்கு மனப்பக்குவம் இல்லை’ என்று நொந்துகொள்பவர்கள் இதை அறிய வேண்டும். அந்தக் கொழுந்து விலகலின் முதல் படி. அதன்பின் வரும் சோர்வும் அந்த வேலையின் ஒரு பகுதி என்பதே கிளிங்கர் சொன்னதில் ஆழமான செய்தி. பற்றை விட்டால் உடனே அமைதி என்று வாக்களிக்கும் எந்தப் போதனையும் நடுவே இருக்கும் இந்தக் கட்டத்தை மறைக்கிறது.

கனடாவின் கார்ஸ்டன் ரோஷ், கிரிகரி மில்லர் இருவரும் இந்த வேலையின் தடத்தை உடலிலேயே தேடினார்கள். பதின்பருவத்துப் பெண்கள் 90 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவைப் பார்த்தார்கள். மருத்துவர் ‘சி.ஆர்.பி. பார்த்துவிடுங்கள்’ என்று எழுதித் தருவாரே, அந்த இரத்தப் பரிசோதனைதான். உடலில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். எட்டாத இலக்கிலிருந்து விலகக் கஷ்டப்படும் இயல்புள்ளவர்களிடம் அந்த ஓராண்டில் இந்த அளவு கூடிக்கொண்டே போனது. உடல்பருமன், புகைப்பழக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 2007-இல் வெளியான இந்த ஆய்வை வைத்து ‘பற்று உடலைக் கெடுக்கும்’ என்று பலகை எழுதி மாட்ட முடியாது. தொண்ணூறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்து இயக்கும் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கவும் கூடும். ரோஷும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு எடை கூடுகிறது. அவற்றில் ஒன்று, புற்றுநோய் கண்ட குழந்தைகளின் பெற்றோரைப் பற்றியது. எட்டாத இலக்குகளிலிருந்து விலகவும் புதியவற்றில் ஈடுபடவும் முடிந்த பெற்றோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அளக்கப்பட்டது அவர்களுடைய பொதுவான இயல்பு. குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையை விட்டவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று யாரும் இதைத் திரித்துவிடக் கூடாது. விலகுவது, வேறொன்றில் ஈடுபடுவது என்ற இரண்டையும் அந்த ஆய்வுகள் தனித்தனியாக அளந்ததில் ஒரு நன்மை உண்டு. இவை இரண்டு வெவ்வேறு திறன்கள். ஒன்று வாய்த்தவருக்கு மற்றது தானாக வாய்த்துவிடாது.

விடாமுயற்சியைப் போற்றும் சமூகத்தில் இதைச் சொன்னால் ஒரு கேள்வி எழுந்தே தீரும். எட்டாதது எது, எட்டக்கூடியது எது என்று யார் தீர்மானிப்பது? இன்னும் ஒருமுறை முயன்றிருந்தால் கிடைத்திருக்குமோ? இதற்குச் சூத்திரம் கிடையாது. மீனின் நடத்தையில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு. அது நிரந்தரமாக நிற்கவில்லை. ஓய்ந்து, சற்று நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்தது, நிலைமை மாறவில்லை என்றால் மறுபடி ஓய்ந்தது. போட்டித் தேர்வை ஐந்தாம் முறை எழுதும் இளைஞருக்கும், வழக்கு முடியக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் ‘விட்டுவிடு’, ‘விடாதே’ என்ற இரண்டு அறிவுரைகளும் ஒன்றுபோல் பொறுப்பற்றவை. எந்தத் தேதியில், எந்தக் கணக்கை வைத்து மறுபரிசீலனை செய்வது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது, அந்தத் தேதி வரை மனத்தை ஓயாத கணக்குப் பார்த்தலிலிருந்து விடுவிக்கிறது. முடிக்கப்படாத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக எழுதி வைத்தாலே அந்த அரிப்பு குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள். வேலை முடியவில்லை, ஆனாலும் மனம் அதைக் கீழே வைக்கிறது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு நீதியைப் பற்றியது. இல்லாதவனிடம் போய் ஆசையை விடு என்பது, இருப்பவனுக்கு வசதியான போதனையல்லவா? ஆம், அப்படிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. கூலி உயர்வு கேட்டவர்களுக்கு மனநிறைவு உபதேசிக்கப்பட்ட காலங்கள் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் முடிவின் மீதுள்ள பிடியைத் தளர்த்துவதும் செயலை நிறுத்துவதும் ஒன்றா என்று கேட்டால், வரலாறு இல்லை என்கிறது. காந்தி கீதைக்குக் குஜராத்தியில் செய்த மொழிபெயர்ப்புக்கு வைத்த பெயர் ‘அநாசக்தி யோகம்’, அதாவது பற்றின்மை யோகம். அதன் முன்னுரையை 1929 ஜூனில் இமயமலைச் சாரலில் உள்ள கௌசானியில் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச் 12 அன்று 78 பேரோடு சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். அந்தப் பெயரை வைத்தவருக்குப் பற்றின்மை, உப்புவரியைச் சகித்துக்கொள்வதாக இருக்கவில்லை. ரோஷின் ஆய்வுகளும் கைவிடச் சொல்வது எட்டாதவற்றை மட்டுமே. பிறர் வேண்டுமென்றே எட்டாமல் வைத்திருப்பது அந்தப் பட்டியலில் வராது.

இழப்பு என்று வரும்போது கேள்வி இன்னும் கனமாகிறது. இறந்தவர் மீதிருந்த பிணைப்பை மனம் சிறிது சிறிதாக அவிழ்த்து வேறிடத்தில் கட்டுவதே துக்கத்தின் வேலை என்று 1917-இல் வெளியான கட்டுரையில் சிக்மண்ட் பிராய்ட் எழுதினார். துக்கம் அனுசரிப்பவர் ‘கடந்து வர வேண்டும்’ என்று இன்றும் நாம் சொல்வதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோபி காய்ச்சலில் இறந்தார். உயிரோடிருந்தால் சோபிக்கு 36 வயது நிறைந்திருக்கும் 1929 ஏப்ரல் 12 அன்று, மகனைப் பறிகொடுத்திருந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் பிராய்ட் வேறு மாதிரி பேசினார். கடும் துக்கம் தணியும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் நிரப்பாது, அப்படி நிரப்பாமல் இருப்பதே சரி என்பது அதன் சாரம். 1996-இல் டென்னிஸ் கிளாஸ், பில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் தொகுத்த நூல், துக்கத்தில் உள்ளவர்கள் இறந்தவரோடு ஏதோ ஒரு வடிவில் உறவைத் தொடர்கிறார்கள் என்றும், அது நோயன்று என்றும் வாதிட்டது. திதி கொடுப்பவர்களுக்கும், கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களுக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. இங்கே விட வேண்டியது ‘மறுபடி கதவைத் திறந்துகொண்டு வருவார்’ என்ற எதிர்பார்ப்பை. அன்பை யாரும் விடச் சொல்லவில்லை. ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வர்த்தும் குழந்தைகளிடம் கண்டதும் இதற்குத் துணை நிற்கிறது. தாயிடம் உறுதியான பிணைப்பு உள்ள குழந்தை அவள் மடியை விட்டு இறங்கி அறையைச் சுற்றிப் பார்க்கிறது. நல்ல பிணைப்பு கையைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறது.

பயிற்சி என்ன என்ற கேள்விக்கு இன்று எல்லோர் வாயிலும் வரும் பதில் தியானம். மாதவ் கோயல் குழுவினர் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றுசேர்த்து 2014-இல் மதிப்பிட்டார்கள். பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் தியானப் பயிற்சி ஓரளவு குறைக்கிறது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற வேறு சிகிச்சைகளைவிட அது மேல் என்பதற்குச் சான்று இல்லை. புகைப்பழக்கத்தை விடுவதில், வேட்கை எழும்போது அதை எதிர்க்காமலும் அதற்கு அடிபணியாமலும் அலைபோல் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கச் சொல்லும் முறை உண்டு. ஜட்சன் பிரூவர் 2011-இல் வெளியிட்ட சிறிய சோதனையில், இவ்வகைப் பயிற்சி பெற்றவர்களில் 31 சதவீதம் பேர் நான்கு மாதத்துக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 6 சதவீதம்தான். அதையே கைபேசிச் செயலியாக்கிப் பெரிய அளவில் சோதித்தபோது அந்த மேன்மை கிடைக்கவில்லை. மனிதர் முன்னிலையில் கற்பதற்கும் திரையில் கற்பதற்கும் உள்ள வேறுபாடாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எந்தப் பயிற்சியாக இருந்தாலும், விட்டது ஒருநாள் திரும்பி வரும். மணியொலிக்கு எச்சில் ஊறுவதை நிறுத்திவிட்ட நாய்க்கு, சிறிது ஓய்வுக்குப் பின் அதே ஒலியைக் கேட்டதும் மறுபடி எச்சில் ஊறுவதை இவான் பாவ்லோவ் கண்டார். பழைய பாடம் அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ஐந்தாண்டுக்கு முன் விட்ட ஒன்று ஒரு பாட்டைக் கேட்டதும் நெஞ்சில் ஏறி நின்றால், அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். மீண்டும் ஒருமுறை கீழே வையுங்கள். முதல் தடவை பிடித்த நேரம் இப்போது பெரும்பாலும் பிடிக்காது. கிளிங்கர் சொன்ன அந்த இடைக்காலச் சோர்வு மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்காத எண்ணம் வந்தால், அதைப் பற்று விடும் வேலையின் பகுதி என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.